உதடு தெரியாதவன்

பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள் நர்ஸ். ஜன்னலைத் திறந்துக்கலாம், போர்வையை மடிச்சு வெச்சுக்கலாம் என்கிற மாதிரி அத்தனை லேசாகச் சொன்னாள். "ரெண்டு வாய் தண்ணி குடிங்கம்மா. அப்புறம் மெதுவா ஏதாவது பேசிப் பாருங்க. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கேப்பாங்க." வனஜா தலையாட்டினாள். ஆட்டியதில் கழுத்துக் கட்டுக்குள்ளே தையல் சுருக்கென்று இழுத்தது. தண்ணீர் குடித்தாள். தொண்டைக்குள் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது போல எரிந்துகொண்டே இறங்கியது. டம்ளரை வைத்தாள். இனிப் பேச வேண்டியதுதான் பாக்கி. ஆனால் என்ன பேசுவது? நேற்றுக் காலை ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுக்கும்வரை இப்படி ஒரு கேள்வி அவளுக்கு வந்ததே இல்லை. பேசுவதுதான் அவள் பிழைப்பு. சினிமாவில் சின்னப் பையன்களுக்கு, விளம்பரத்தில் பல் வலிக்கிற பாப்பாவுக்கு, கார்ட்டூன் அணிலுக்கு, சந்தைக் காட்சியில் பின்னாலே கூவுகிற காய்கறிக்காரிக்கு, எல்லாருக்கும் குரல் கொடுத்தவள். எழுதிக் கொடுத்ததைப் பேசுவாள், எழுத மறந்ததையும் சேர்த்துப் பேசுவாள். அவள் இப்போது கட்டிலில் சாய்ந்துகொண்டு ஒரே ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தாள். தண்ணி என்று கேட்கலாம், ஆனால் தண்ணீர்தான் குடித்தாயிற்றே. முருகா என்று சொல்லலாம். முருகா என்று வாய் திறந்து வெறும் காற்று வந்துவிட்டால், அப்புறம் அவனை எந்த முகத்தோடு கூப்பிடுவது? சொந்தப் பெயரைச் சொல்லலாம். வனஜா. வ சரிப்படாது, அது உதட்டிலேயே பாதி முடிந்துவிடும், தொண்டையைச் சோதிக்காது. ஆ என்று இழுத்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதுதான் பயம். தெரியாதவரை குரல் இருக்கிறது. பீரோவில் வைத்துப் பூட்டிய பட்டுப்புடவை மாதிரி, பூச்சி அரித்ததா இல்லையா என்று திறந்து பார்க்காதவரை அது பத்திரமாக இருக்கிறது.

கெட்ட கட்டி ஒன்றுமில்லை. தைராய்டில் சும்மா வளர்ந்துகொண்டே போன கட்டி, படுத்தால் மூச்சை அமுக்கியது, எடுத்தாக வேண்டும் என்றார்கள். டாக்டர் பிரதிமா மேஜைமேல் ஒரு பேனா மூடியை வைத்து, "இதுதான் கட்டின்னு வெச்சுக்கோங்க. குரலுக்குப் போற நரம்பு இதுக்கு அடியில ஒட்டினாப்ல போகுது, இந்த மாதிரி" என்று தன் முந்தானையில் பிரிந்து நின்ற ஒரு நூலை இழுத்துக் காட்டினார். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் வனஜாவுக்கு ஏறவில்லை. அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு மும்முரத்தில் பிய்த்து எறிந்துவிடப் போகிறாரே என்று. நேற்று மயக்கம் கலைந்தும் கலையாமலும் கிடந்தபோது அதே டாக்டர் காதருகே குனிந்து, "நரம்பு பத்திரமா இருக்கும்மா, கண்ணால பாத்தேன். வீக்கம் இருக்கும். குரல் எப்படின்னு பேசினாத்தான் தெரியும்" என்றார். பத்திரமா இருக்கு. கண்ணால பாத்தேன். நல்ல வார்த்தைகள்தான். ஆனால் பார்கவிக்கும் இதையேதான் சொன்னார்களாம். பார்கவியை நினைக்கக் கூடாது என்று நேற்றிலிருந்து எத்தனை தடவை தீர்மானித்தாயிற்று. தீர்மானிக்கும்போதெல்லாம் அவள் வந்து நிற்கிறாள். கதாநாயகிகளுக்குக் குரல் கொடுத்த பார்கவி. பக்கத்து மைக்கில் நின்று அவள் அழுதால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற இன்ஜினியர் மூக்கை உறிஞ்சுவான். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள். நாதஸ்வரச் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்து வனஜா காதைக் கொண்டுபோனாள். நாதஸ்வரம் நின்றும் கேட்கவில்லை. காற்று மட்டும் சூடாகக் காதில் பட்டது. பார்கவி சிரித்துக்கொண்டே தொண்டையைக் காட்டி விரலை ஆட்டினாள். அந்தச் சிரிப்பைத்தான் வனஜாவால் மறக்க முடியவில்லை. எவ்வளவு நல்ல சிரிப்பு. குரலே தேவைப்படாத சிரிப்பு.

கோதண்டம் காலையிலிருந்து பேசிக்கொண்டே இருந்தார். அதுவும் அவளைப் பயமுறுத்தியது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் பேச்சு அவள் பொறுப்பு. அவர் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் நின்று கம்பியின் முனகலைக் கேட்கிற மனுஷன், வீட்டுக்கு வந்தால் காதைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வார். இன்றைக்கு அவர் அவளுடைய பங்கையும் தூக்கிச் சுமக்கிறவர் மாதிரி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மூச்சு விடாமல் பேசினார். "கேண்டீன்ல பொங்கல் பரவாயில்ல, மிளகு முழுசாப் போட்டிருக்கான். இந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் மூணாவது மாடியில சொணங்குது பாத்தியா, நீ எங்க பாத்த, ஸ்ட்ரெச்சர்ல கண்ணை மூடிட்டுப் போன. உங்கக்கா போன் பண்ணிச்சு, நல்லாருக்கான்னு சொல்லிட்டேன். நல்லாத்தான இருக்க?" அவள் தலையாட்டினாள். அவர் அவள் வாயைப் பார்த்தார். ஒரு கணம்தான். உடனே ஃபேனைப் பார்த்தார். பேசு என்று அவர் சொல்லவில்லை. பேசேன், ஒரு வார்த்தை பேசேன் என்று கேட்டிருந்தால்கூட அவள் கோபப்பட்டிருக்கலாம். "ஐஸ்கிரீம் குடுக்கலாம்னு சொன்னாங்க, தொண்டைக்கு இதமா இருக்குமாம். வாங்கியாரேன். வெனிலாதான? உனக்குப் பிஸ்தா பிடிக்கும், ஆனா அதுல பருப்பு இருக்கும், தொண்டையில குத்தும்" என்று எழுந்தவர், செருப்பை மாட்டிக்கொண்டும் போகாமல், போர்வை நுனியை அவள் கால்மேல் இழுத்துவிட்டு, இழுத்ததை மறுபடி சரி செய்துவிட்டுப் போனார். அவர் போனபிறகு தனியாகப் பேசிப் பார்த்துவிடலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். நல்லதோ கெட்டதோ முதலில் தனக்குத் தெரியட்டும். கதவு சாத்திய சத்தம் கேட்டது. வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் பக்கத்துக் கட்டில் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஹுப். சின்னச் சத்தம், யாரோ திண்டு தாண்டிக் குதித்து மூச்சை விழுங்கியது போல. வனஜாவின் உடம்பு அதை முதலில் தெரிந்துகொண்டது, புத்தி பிறகுதான். அது அவள் மூச்சு. அவளுடைய வயிற்றிலிருந்து வந்த காற்று. பக்கத்துக் கட்டிலில் பித்தப்பை ஆபரேஷன் முடிந்து ஒரு அம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள். துணைக்கு வந்த மகள் ரிஸ்வானா, காலேஜில் படிக்கிற பெண், ஸ்டூலில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து போனை முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டிருந்தாள். காதில் மாட்டுவதை ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாளாம், நேற்றே சொல்லிப் புலம்பினாள், அதனால் சத்தத்தை ஆகக் குறைத்து வைத்திருந்தாள். குறைத்தும் வனஜாவுக்குக் கேட்டது. ஹுப். பிறகு காலடி. பிறகு அவன் குரல்: "எல்லாரும் வந்தாச்சா?" சமேரோ. அரண் என்கிற போன் விளையாட்டில், துப்பாக்கிக்காரர்களுக்கு நடுவே கத்தியோடு வருகிற நிஞ்சா. இந்தப் பக்கம் அஞ்சு பேர், அந்தப் பக்கம் அஞ்சு பேர், நடுவில் ஒரு கோட்டை. மற்றவர்களெல்லாம் ஆளுயரத் துப்பாக்கி தூக்கி, மார்க்கவசம் போட்டுத் திமுதிமுவென்று வருவார்கள். இவன் குட்டை, ஒல்லி, ரெண்டு அடி பட்டால் செத்துப்போவான், ஆனால் சுவரில் பல்லி மாதிரி ஏறுவான். முகத்தில் கண்ணைத் தவிர எல்லாம் கறுப்புத் துணி. தமிழில் அவன் பேசுகிறதெல்லாம் வனஜா பேசியது. யாருக்கும் தெரியாது. விளையாடுகிறவர்கள் யாரோ ஒரு இளவட்டப் பையன் பேசியிருக்கிறான் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள், நாற்பத்தெட்டு வயதில் கழுத்துக் கட்டோடு கஞ்சிக்குக் காத்திருக்கிறவள் என்று யார் நினைப்பார்கள்.

அவனை அவளுக்குப் பிடித்துப்போனதற்குக் காரணமே அந்தத் துணிதான். வாழ்நாள் முழுக்க அவள் பிறத்தியார் உதட்டைத் துரத்தினவள். திரையிலிருக்கிறவன் வாய் மூடும்போது மூட வேண்டும், அவன் ப சொன்னால் இவள் ம-வாவது சொல்ல வேண்டும், இந்திக்கார அணில் வாயைப் பிளந்தால் தமிழில் ஆ வரும் வார்த்தையைத் தேட வேண்டும். தூக்கத்தில்கூட அவளுக்கு உதடுகள்தான் வரும், முகமில்லாமல் உதடு மட்டும். சமேரோவுக்கு உதடே தெரியாது. முதல் நாள் திரையில் அவனைப் பார்த்ததும், அட, இவன் எப்போ வேணா மூச்சு விடலாமே என்று அவளுக்குத் தோன்றியது, தோன்றினதும் தானும் ஒரு மூச்சு நன்றாக விட்டாள். கம்பெனியிலிருந்து வந்த நிஷாந்த் என்ற பையன்தான் டைரக்டர். "மேடம், இவன் ரொம்ப இறுக்கமான ஆளு. யாரையும் நம்பமாட்டான். ஐஸ் மாதிரி பேசணும்" என்றான். சரிப்பா என்றாள். வளையலைக் கழற்றி வைத்தாள், அதன் சத்தம் மைக்கில் விழும். சலசலக்காத பருத்திப் புடவை கட்டி, வயிறு சத்தம் போடாமலிருக்க ரெண்டு இட்லியும் சாப்பிட்டு வந்திருந்தாள். ஆட்டம் ஆரம்பிக்கிற வசனம், எல்லாரும் வந்தாச்சா. ஐஸ் மாதிரி சொல்லிப் பார்த்தாள். பிறகு எப்படியோ அவளுக்குத் திருப்பதி போகிற வேன் ஞாபகம் வந்துவிட்டது, கதவைச் சாத்துமுன் தலையை உள்ளே விட்டுப் பார்க்கிற மாமாவின் முகம், எல்லாரும் வந்தாச்சா? கேட்டுக்கொண்டிருந்த நிஷாந்த், "இதையே வெச்சுக்கலாம் மேடம்" என்றான். அன்றைக்கு முழுக்க அவள் குதித்தாள், விழுந்தாள், சுவரில் ஏறினாள், விதவிதமாகச் செத்தாள். கத்திக்கொண்டே சாகிற மாதிரி எழுதியிருந்தார்கள். அவளால் அவனைக் கத்தவிட முடியவில்லை. கடைசியில் பால் பொங்கி வழிந்ததைப் பார்த்தவள் மாதிரி மெதுவாக, அடச்சே, என்றாள். அதுதான் அவன் சாவு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் சிரித்துச் சிரித்துத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பிற்பாடு பஸ்ஸில், டீக்கடையில், லிஃப்டில், பையன்களின் போனிலிருந்து அந்த அடச்சே கேட்கும்போதெல்லாம் அவளுக்கு முகம் சூடாகும். கோதண்டம் முழங்கையால் இடிப்பார். உன் முகமூடி செத்துட்டான், என்பார். மறுபடி வருவான், என்பாள் இவள். அது என்னமோ அவளுக்கு எப்போதும் ஆறுதலாக இருந்தது, அவன் மறுபடி வருவான் என்பது.

அடுத்த மாதம் அவனுக்குப் புது வசனங்கள் பதிய வேண்டும் என்று நிஷாந்த் சொல்லியிருந்தான். ஆபரேஷன் என்றதும், "முடிச்சிட்டு வாங்க மேடம், வெயிட் பண்றோம்" என்றான். எவ்வளவு நாள் வெயிட் பண்ணுவான். பாவம் அவனுக்கும் மேலே ஆளிருக்கிறது. வேறு யாராவது பேசுவார்கள். நல்லாவே பேசுவார்கள். பழைய அடச்சேயும் புது ஆளின் வசனமும் ஒரே துணிக்குள்ளிருந்து வரும், ஒரு வாரம் விளையாடுகிறவர்கள் முணுமுணுப்பார்கள், அப்புறம் பழகிவிடும். அவனுக்குத்தான் தெரியுமா? அவன் ஒரு படம். படத்துக்கு என்ன தெரியும். ஆனாலும் வேறொருத்தர் மூச்சில் அவன் சுவரேறுவதை நினைத்தபோது, வளர்த்த பிள்ளையை யார் வீட்டிலோ சாப்பிடச் சொல்லி அனுப்பினது போல் இருந்தது. சீ, என்ன நினைப்பு இது. இருந்தாலும் அவள் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டி அந்தப் பெண்ணின் போனைப் பார்த்தாள். ரிஸ்வானா நன்றாக விளையாடினாள். அவனை ஓடவிட்டாள், ஒதுங்கவிட்டாள், ஓட்டுக்கூரை மேல் உட்காரவைத்துக் கீழே போகிற ஆட்களை எண்ணினாள். பெருமையாக இருந்தது. அவன் இப்படியெல்லாம் செய்வான் என்று வனஜாவுக்கே தெரியாது. அவள் பேசினதோடு சரி, விளையாடியதில்லை.

பக்கத்துக் கட்டிலில் அந்த அம்மாள் புரண்டாள். "ரிஸ்வானா... பாத்ரூம் போகணும்மா." "இதோ உம்மா, ஒரு நிமிஷம்." பெண் தாயின் பக்கம் திரும்பினாள். கட்டை விரல் திரையில் நின்றுவிட்டது. கூரை மேல் சமேரோவும் நின்றுவிட்டான், வெயிலில் தனியாக. அப்போது அவன் சொன்னான், போனின் அடித்தொண்டையிலிருந்து, வனஜாவைத் தவிர வேறு யாருக்கும் கேட்டிருக்க முடியாத சத்தத்தில்: "முதுகு குளிருது." எதிரி முதுகுப் பக்கம் வந்துவிட்டான் என்று அர்த்தம். அவனுக்கு மட்டும் இருக்கிற சக்தி அது, கண்ணால் பார்க்காமல் முதுகால் தெரிந்துகொள்வது. அந்த வசனத்தை எப்படிப் பேசினாள் என்பது அவளுக்கு ஞாபகமிருந்தது. கழுத்துப் பின்புறம் கையை வைத்துக்கொண்டு பேசினாள். இப்போதும் கை தானாக அங்கே போயிற்று. கட்டு தட்டுப்பட்டது. திரையின் ஓரத்தில் ஒரு துப்பாக்கி முனை ஓட்டு விளிம்புக்கு மேலே எழும்பி வந்தது. ரிஸ்வானா உம்மாவின் முதுகுக்குக் கையைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"பின்னாடி!"

யாரோ கத்தினார்கள். கரகரவென்று, துருப்பிடித்த கேட்டைத் தள்ளினது மாதிரி. ரிஸ்வானா சட்டென்று போன் பக்கம் திரும்பினாள், விரல் திரையில் ஓடியது, சமேரோ கூரையிலிருந்து சறுக்கிக் கீழே விழுந்து, எழுந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டான். சுட்டவன் சுட்டது ஓட்டில் பட்டுத் தெறித்தது. "சூப்பர் ஆன்ட்டி! தேங்க்ஸ்" என்றாள் பெண், திரும்பிக்கூடப் பார்க்காமல். தொண்டைக்குள் நெருப்பு வைத்தது போலிருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அப்போதுதான் வனஜாவுக்குக் கத்தினது தான் என்று விளங்கிற்று. பின்னாடி. பி, ன், னா, டி. டி-யில் குரல் உடைந்தது. ஆனால் ன்-னில் நின்றது. ன்-னில் நின்றதே, மூக்குக்குள் அதிர்ந்ததே. காற்றில்லை அது. அவள் மறுபடி சொல்லிப் பார்க்க வாயெடுக்குமுன், ரிஸ்வானா ஒரு கையில் உம்மாவின் தோளைத் தாங்கிக்கொண்டு மறு கையால் போனை நீட்டினாள். "ஆன்ட்டி, கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா? நடுவுல விட்டுட்டுப் போனா ஆட்டத்துலேர்ந்து என்னைத் தூக்கிருவாங்க. ஒண்ணும் பண்ண வேணாம். செத்துராமப் பாத்துக்கோங்க, அது போதும்." வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வனஜா வாங்கிக்கொண்டாள். உம்மாவும் மகளும் குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் பக்கம் நகர்ந்தார்கள். போன் சூடாக இருந்தது. அதற்குள் அவன் இருந்தான், இவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு. அவன் தோள் ஏறி இறங்கிற்று. அவள் தோளும் ஏறி இறங்கிற்று. விரல் தவறி எதிலோ பட்டது, ஹுப் என்று குதித்தான். பயந்து கையை எடுத்தாள். இரு. இருடா கண்ணா. அசையாதே. இந்தத் தொட்டிக்குப் பின்னாலேயே இருந்துவிடு. யாரும் வரமாட்டார்கள். உன்னை யாரும் பார்க்கவில்லை.

அவனைப் பத்திரமாக வைத்துக்கொள்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. ஒன்றும் செய்யாமலிருந்தால் போதும். வெயில் தொட்டியின் மேல் விழுந்து தண்ணீர் மினுங்கியது, யார் வரைந்தார்களோ, நல்ல வேலைக்காரன். அப்படியே ஆட்டம் முடியும்வரை உட்காரவைத்துவிடலாம் என்று அவள் நினைத்தபோது போனுக்குள்ளிருந்து ஒரு பையன் கூப்பிட்டான். அவள் பேசின குரலில்லை, நிஜமான பையன், எங்கேயோ எந்த ஊரிலோ உட்கார்ந்து இந்தப் பக்கத்து அஞ்சு பேரில் ஒருத்தனாக விளையாடுகிறவன். "நிஞ்சா! நிஞ்சா, எங்க இருக்க? நான் வாசல்ல விழுந்து கெடக்கேன். வந்து தூக்கிவிடு. யாருமே இல்ல இங்க." அவள் விரலைத் திரையிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள். "ஏய் நிஞ்சா, பக்கத்துலதான இருக்க, மேப்ல தெரியுது. வாயேன் ப்ளீஸ்." குரல் உடைகிற வயது. மேலே ஏறி உடைந்து கீழே விழுந்து மறுபடி ஏறுகிற குரல். அதைப் பற்றிக் கொஞ்சமும் வெட்கப்படாமல் கத்திக்கொண்டிருந்தான். வாசல் தூரத்தில் தெரிந்தது. நடுவில் திறந்த வெளி, வெயில், மறைவே இல்லை. போனால் செத்தாலும் சாவான். செத்துராமப் பாத்துக்கோங்க என்று சொல்லிவிட்டுத்தானே போனாள் அந்தப் பெண்.

வார்டு கதவு திறந்தது. கோதண்டம் காகிதக் கப்போடு உள்ளே வந்தார், பேச்சைப் பாதியிலிருந்தே ஆரம்பித்துக்கொண்டு, "வெனிலா இல்லையாம், ஸ்ட்ராபெரிதான் இருந்துச்சு, நான் பருப்பு இருக்கான்னு கேட்டேன்..." வனஜா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏங்க," என்றாள். தொண்டையில் அதே கேட் கரகரத்தது. "இவன் எதுல ஓடுவான்?"

கப் கட்டில் சட்டத்தில் இடித்தது. கோதண்டம் கப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜன்னல் திண்டில் வைத்தார், அது சாய்ந்தது, நிமிர்த்தினார். ஈர விரலைச் சட்டையில் துடைத்தார், துடைத்த விரலாலேயே கண்ணையும் துடைத்துக்கொண்டார். பிறகு அவள் பக்கத்தில் வந்து குனிந்து, அவள் கழுத்தைப் பார்க்காமல், முகத்தையும் பார்க்காமல், கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். அவர் மூச்சு அவள் காதில் பட்டது.

"இந்த வட்டமாத்தான் இருக்கணும்," என்றார். "அமுக்கிட்டு அப்படியே முன்னால தள்ளு."

அவள் தள்ளினாள். சமேரோ தொட்டியை விட்டு வெளியே வந்து, வெயிலில், வாசலை நோக்கி ஓடினான்.